படம் சரி, உயிர் இல்லை: கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உணர்ச்சி எங்கே தொலைகிறது?

ஃபோகஸ் சரி, ஃப்ரேம் சரி, எதிரில் உட்கார்ந்திருந்தவரும் அருமையான ஆள். ஆனால் பிரிண்ட்டைக் கையில் எடுத்தால் ஒன்றுமே தோன்றவில்லை. சேலத்தில் கறுப்பு வெள்ளை ரோல் போடுகிறவர்களிடம் நான் அதிகம் கேட்கிற குறை இதுதான். சொன்னதும் யாராவது ஒருவர் “அதுக்குக் கண்ணு வேணும், மனசு வேணும்” என்று ஆரம்பித்துவிடுவார். இருக்கட்டும். மனசைத் துருவுவதற்கு முன்னால் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் (அதில் எல்லாம் தலைகீழ்: வெளிச்சம் அதிகம் விழுந்த இடம் கறுப்பு, விழாத இடம் தெளிவு). சோகமோ சந்தோஷமோ, ஃபிலிமில் ஏறுவது வெள்ளி மட்டும்தான்: எங்கே எவ்வளவு கறுப்பு, எங்கே எவ்வளவு வெளுப்பு. படத்தில் முக்கியமான இடம் எதுவோ அதன் சாம்பல் தவறிப்போனால், எதிரில் இருந்த உணர்ச்சி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பார்ப்பவருக்கு வந்து சேராது.

கீழே குறிகளை வைத்துப் பிரித்திருக்கிறேன். 35 மி.மீ. கேமரா, இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் அல்லது கோடக் ட்ரை-எக்ஸ் மாதிரி 400 ஃபிலிம் (எண் ஃபிலிமின் வேகம்; பெரிதானால் குறைந்த வெளிச்சமே போதும்), டி-76 அல்லது ஐடி-11 டெவலப்பர் (படத்தை வெளியே கொண்டுவரும் கரைசல்) என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த டெவலப்பர் இரண்டும் ஏறக்குறைய ஒரே சரக்குதான்.

எந்தக் குறியானாலும் முதலில்: ஓரத்து எழுத்து

நெகட்டிவின் ஓரத்தில் ஃபிலிம் பெயரும் ஃப்ரேம் எண்ணும் இருக்கும். அவற்றைத் தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் பதித்து அனுப்புகிறார்கள். ஆகவே உங்கள் கேமராவுக்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தமில்லை. டெவலப்பருக்கு மட்டும்தான் சம்பந்தம். எழுத்து நல்ல கறுப்பாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால், எடுக்கும்போதே வெளிச்சம் போதவில்லை. எழுத்தும் படமும் சேர்ந்து வெளிறியிருந்தால் டெவலப்பர் பழையது, அல்லது நேரம் குறைவு, அல்லது குளிர்ச்சி. எழுத்து இருக்கிறது, படம் ஒன்றுகூட இல்லை என்றால் ரோல் ஸ்பூலில் மாட்டாமலே ஓடியிருக்கிறது. எழுத்தும் இல்லை என்றால் ஃபிக்சரை (டெவலப்பருக்குப் பின் படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) முதலில் ஊற்றியாகிவிட்டது, அல்லது டெவலப்பர் செத்துவிட்டது.

எழுத்துக்கு நடுவில் உள்ள வெற்றிடமே சாம்பலாக இருந்தால் ஃபிலிம் வயதானது. வீட்டு பீரோவிலிருந்து அப்பா காலத்து ரோலை எடுத்துப் போடும் ஆசை பலருக்கு இருக்கிறது. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ரோல்கூடச் சிலர் கையில் கிடைக்கிறது. போட்டுப் பாருங்கள், ஒன்றிரண்டு ஸ்டாப் கூட்டி எடுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு, குறைத்தால் பாதி). ஆனால் தாத்தாவின் எண்பதாம் கல்யாணத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

குறி: வேட்டி பளிச், முகம் கரி

சேலத்துக்கே உரிய நோய் இது. அம்மாப்பேட்டையிலோ குகையிலோ தறி வீட்டுக்குள் போகிறோம். குழித்தறியில் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், முன்னால் சேலம் வெண்பட்டு வேட்டி நீண்டு கிடக்கிறது. கேமராவின் வெளிச்ச மீட்டர் ஃப்ரேமில் பாதியை அடைத்திருக்கும் அந்த வெள்ளையைப் பார்த்து “ஏகப்பட்ட வெளிச்சம்” என்று முடிவு கட்டிவிடுகிறது. எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பலாக்குவதுதான் மீட்டரின் வேலை. அதன் பேச்சைக் கேட்டால் வேட்டி சாம்பலாகும், முகம் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் கீழே இறங்கிக் கரியாகும். அந்த முகத்தில் இருந்த களைப்பும் கவனமும் ஃபிலிமில் ஏறவே இல்லை. பிரிண்ட்டில் எவ்வளவு சுரண்டினாலும் வராது.

மருந்து: முகத்துக்குக் கிட்டே போய், முகம் மட்டும் மீட்டரில் விழும்படி அளந்து, பின்னால் வந்து அந்த அளவிலேயே எடுங்கள். மாநிற முகம் நடுச்சாம்பலில் வந்து உட்காரும். அதே வெளிச்சத்தில் வெள்ளை வேட்டி அதைவிடச் சுமார் இரண்டு, இரண்டரை ஸ்டாப் மேலே இருக்கும். 400 ஃபிலிம் அதைத் தாங்கும், ஜரிகைக் கரையும் நூலும் தெரியும். நல்ல கறுத்த முகமென்றால் மீட்டர் காட்டியதிலிருந்து அரை முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள். இல்லாவிட்டால் முகம் உள்ளதைவிட வெளுத்துப் போகும்.

இங்கே ஒரு சண்டை எனக்கு உண்டு. 1940-ஐ ஒட்டி அமெரிக்க ஃபோட்டோகிராஃபர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த ஸோன் முறையை (காட்சியில் எது எந்தச் சாம்பலில் வரவேண்டும் என்று அளந்து வைப்பது) படித்தவர்கள் “முகத்தை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டு” என்பார்கள். அந்த முறை அருமையான முறைதான். ஆனால் அந்த ஒரு ஸ்டாப் வெள்ளைக்காரர் தோலுக்குச் சொன்னது. நம் ஆட்களுக்கு அதை அப்படியே போட்டால் எல்லோரும் பவுடர் பூசிய கல்யாண ஆல்பம் ஆகிவிடுவார்கள். கறுத்த முகத்தில் உணர்ச்சியைக் காட்டுவது நெற்றியிலும் கன்னத்து எலும்பிலும் விழும் மினுமினுப்பு. முகம் அதன் சொந்தக் கறுப்பில் இருந்தால்தான் அந்த மினுமினுப்புக்கு இடம் கிடைக்கும். ஒட்டுமொத்தமாக வெளுக்க வைத்தால் அதுவும் சேர்ந்து கரைந்துவிடும்.

தறி வீட்டு வெளிச்சம் குறைவு. கதவோ கூரையில் பதித்த கண்ணாடி ஓடோதான் வழி. 400 ஃபிலிமில் எஃப் 2 (லென்ஸின் துவாரம் நன்றாகத் திறந்தது), ஷட்டர் 1/30 நொடி என்ற அளவில் நிற்கும். கை நடுங்குமே என்று பயந்து 1/125 வைத்தால் மறுபடி கரிதான். தறிச் சட்டத்தில் முழங்கையை ஊன்றாதீர்கள், நெய்கிறவருக்கு இடைஞ்சல். சுவரில் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். நாடா ஓடுவது கலங்கும், கலங்கட்டும். முகம் அசையாமல் கை மட்டும் கலங்கினால் வேலை நடப்பது படத்தில் தெரியும்.

வயதானவர் முகத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு ஃபில்டர் போடவே போடாதீர்கள். அவை தோலை வெளுக்க வைத்துச் சுருக்கங்களை அழித்துவிடும். மஞ்சள்-பச்சை ஃபில்டர் எதிர்வேலை செய்யும்; தோலின் வரிகள் எழும், உதடு சற்றுக் கறுக்கும்.

குறி: ஏற்காட்டுப் பனி அழுக்குத் தண்ணீராகத் தெரிகிறது

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்கள், அவற்றுக்குள் பனி புகுந்து நிற்கிறது. நேரில் நெஞ்சை அடைக்கும் காட்சி. பிரிண்ட்டில் சமையலறைப் புகை. இதற்குக் காரணம் மூன்று இருக்கலாம், மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்.

ஒன்று, மேலே சொன்ன அதே மீட்டர். பனி வெளுப்பானது, மீட்டர் அதை நடுச்சாம்பலாக்கிவிடும். பனியை அளந்தால் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள்.

இரண்டு, ஸ்கேன். நெகட்டிவில் பனி அடுக்கடுக்காக நன்றாக இருக்கும். ஸ்கேன் செய்கிற இடத்தில் ஆட்டோ போட்டுவிடுவார்கள். அந்த மென்பொருள் படத்தில் இருக்கும் மிகக் கறுத்த புள்ளியை முழுக் கறுப்பாகவும் மிக வெளுத்ததை முழு வெள்ளையாகவும் இழுத்துவிடும். பனியில் முழுக் கறுப்பு என்று ஒன்று இல்லாததுதான் அழகு. அதை இழுத்தால் கிரெய்ன் (ஃபிலிமின் வெள்ளித் துகள்) எழும்பி அழுக்காகும். “ஆட்டோ வேண்டாம், ஃப்ளாட்டாக் கொடுங்க அண்ணா” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் வீட்டில் நீங்களே கான்ட்ராஸ்ட்டை வேண்டிய அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம். டார்க்ரூமில் பிரிண்ட் போடுகிறவர்கள் கான்ட்ராஸ்ட்டைச் சற்று ஏற்றும் 3-ஆம் நம்பர் ஃபில்டரில் தொடங்கிப் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் பெரிது: பக்கத்தில் கறுப்பாக ஒன்றும் இல்லை. பனி தானாக எந்த உணர்ச்சியையும் சொல்லாது. எதிரே மூன்று நான்கு மீட்டரில் நனைந்த மரத்தண்டோ, கறுப்புக் குடையோ, சாக்கைத் தலைக்கு மடித்துப் போட்டு வேலைக்குப் போகும் அம்மாவோ இருந்தால், அதன் கறுப்பை வைத்துத்தான் பின்னால் இருப்பது எவ்வளவு தூரம், எவ்வளவு மங்கல் என்பது கண்ணுக்குப் புரியும். ஆள் வெறும் புள்ளியாக நடுவில் நிற்கும் ‘தனிமை’ப் படங்கள் ஏற்காட்டில் ஆயிரம் எடுத்தாயிற்று. அகலமாகப் பார்க்கும் 28 மி.மீ. லென்ஸைக் கழற்றிவிட்டு 50-ஐ மாட்டி இரண்டு எட்டு முன்னால் போங்கள்.

பனியை வெட்ட மஞ்சள் ஃபில்டர் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. பனியின் நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். ஃபில்டர் அங்கே ஒன்றும் செய்யாது. ஏற்காட்டின் லேடீஸ் சீட் முனையிலிருந்து கீழே சேலத்தைப் பார்க்கும்போது வெயில் நாளில் ஒரு நீல மங்கல் தெரியுமே, அதற்கு ஃபில்டர் கேட்கும். அதில் சிதறுவது பெரும்பாலும் நீல வெளிச்சம். ஆரஞ்சு போட்டால் ஊர் தெளியும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் விலை கொடுக்கவேண்டும்.

குறி: எல்லாப் படமும் கத்துகிறது

முகத்தில் பாதி சுட்ட சுண்ணாம்பு, பாதி கரி. நெகட்டிவைப் பார்த்தால் வெளுப்பான இடங்கள் ஓட்டையே தெரியாத கறுப்பாக அடைத்திருக்கும். மென்மையாகப் பேசவேண்டிய படம் மேடைப் பேச்சாகிவிட்டது.

சித்திரை வைகாசியில் வீட்டில் டெவலப் செய்கிறவர்களுக்கு வரும் குறி இது. அட்டவணைகள் 20 டிகிரிக்கு எழுதியவை. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரோ 30-க்கு மேல். எச்பி5-ஐ, ஐடி-11 ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து 20 டிகிரியில் செய்தால் 13 நிமிடம். அதே 13 நிமிடத்தைச் சூடான தண்ணீரில் ஓட்டினால் முகமெல்லாம் வெந்துவிடும். 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம் போதும். 30 டிகிரிக்கும் நேரத்தைக் குறைத்துக் கணக்குப் போடலாம், ஆனால் 5 நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். அவ்வளவு குறைந்த நேரத்தில் டெவலப்பர் சீராகப் பரவாது, வானத்தில் திட்டுத்திட்டாக நிற்கும்.

ஆகவே 20-ஐப் பிடிக்கப் பாடுபடாமல் 24-ஐப் பிடியுங்கள். ஐஸ் கட்டி போட்ட பக்கெட்டில் பாட்டில்களை நிறுத்துவது ஒரு வழி. எனக்குப் பிடித்தது பழைய அகலமான மண்பானை: முதல் நாள் இரவே தண்ணீர் ஊற்றி, அதற்குள் டெவலப்பர், ஃபிக்சர், கழுவும் தண்ணீர் எல்லா பாட்டிலையும் இறக்கிவிட வேண்டும். சேலத்துக் கோடைக்காற்று வறண்டது, பானை நன்றாகக் குளிரும். ஐப்பசி மழையில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது, அப்போது தேவையும் குறைவு. மூன்று கரைசலும் ஒரே சூட்டில் இருப்பது, அது எத்தனை டிகிரி என்பதைப் போலவே முக்கியம். டெவலப்பர் 24, கழுவுவது 32 என்று போனால் கிரெய்ன் திரண்டு தோல் சொரசொரக்கும். டேங்கைக் குலுக்குவதும் ஒரு காரணமாகலாம். நிமிடத்துக்கு 10 நொடி, நாலு முறை கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். காக்டெயில் கலக்கவேண்டாம்.

டெவலப்பிங் சரியாக இருந்தும் படம் கத்தினால் உச்சி வெயில்தான் காரணம். கண்குழி இரண்டும் இருட்டு. கண் தெரியாத முகத்தில் என்ன உணர்ச்சி தெரியும்? ஆளை வெள்ளையடித்த சுவரின் எதிரே, நிழல் விளிம்பில் நிறுத்துங்கள். சுவர் திருப்பிவிடும் வெளிச்சம் கண்ணுக்குள் போகும். முழு ரோலும் அப்படிப்பட்ட வெயிலில் எடுத்ததென்றால் 400 ஃபிலிமை 200 என்று வைத்து எடுத்து, டெவலப்பிங் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள்.

குறி: திருவிழாவில் எடுத்த படத்தில் திருவிழாவைக் காணோம்

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா. சிவப்புப் புடவை, வேப்பிலை, மஞ்சள் தண்ணீர். பார்க்கும்போது கண்ணைப் பறித்தது நிறம். நிறத்தைத்தான் நாம் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோமே. சிவப்புப் புடவையும் வேப்பிலைப் பச்சையும் ஃபிலிமில் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். பச்சை ஃபில்டர் போட்டால் புடவை கறுக்கும், இலை வெளுக்கும். சிவப்பு போட்டால் தலைகீழ். ஆனால் 3 ஸ்டாப் தின்னும் சிவப்பு ஃபில்டரை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போவது என் யோசனையில் வேலைக்காகாது. நிறத்தை மறந்து வெளிச்சத்தைத் தேடுங்கள்: பொங்கல் பானையின் புகைக்குள் சாய்வாக விழும் காலை வெயில், ஈர முகம், தலைக்கு மேல் தூக்கிய கைகள்.

குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நடக்கும் வண்டி வேடிக்கைக்கு (சாமி வேஷம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வரும் ஊர்வலம்) போகிறவர்கள் வேறொரு குறியோடு வருவார்கள். சாமி வேஷம் போட்டவர் பின்னால் சீரியல் பல்பு எரிகிறது; படத்தில் பல்பு மட்டும் இருக்கிறது, சாமி இல்லை. ஃபிலிமை 1600-க்குத் தள்ளியாயிற்று (400-ஐ 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பிங் நேரத்தைக் கூட்டுவது), தண்ணீர் கலக்காத ஐடி-11 நேர் கரைசலில் எச்பி5-க்கு 14 நிமிடமும் கொடுத்தாயிற்று, அப்படியும் இல்லை. தள்ளுவது வெளிச்சம் விழுந்த இடத்தைத்தான் ஏற்றும். வெளிச்சமே படாத நிழலில் டெவலப்பருக்கு வேலை இல்லை. பல்பு வண்டிக்கு முன்பக்கமிருந்து முகத்தில் விழும் கோணத்துக்கு நகருங்கள், முகத்தை அளந்து எடுங்கள், பல்பு வெடித்தால் வெடிக்கட்டும்.

கிரெய்ன் இருந்தால் சோகம் வந்துவிடும் என்று நினைத்து எல்லாவற்றையும் 1600-க்குத் தள்ளுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. வேண்டாம்.

குறி: தலைமுடி பின்னணியில் கரைந்துவிட்டது

கறுப்பு முடி, இருட்டான பின்னணி. முகம் மட்டும் முகமூடியாகத் தொங்கும். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இன்னும் நிற்கிறது. 1930-களின் நடுவில் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாக வந்தன. (தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-ல் வந்ததும் அங்கிருந்துதான் என்பது தனி வேடிக்கை.) அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் எதையாவது ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். கதாநாயகியின் தலையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். பின்னாலிருந்து ஒரு விளக்கு. அழகுக்கு மட்டும் வைத்ததில்லை. அது இல்லாவிட்டால் கொண்டையும் சுவரும் ஒட்டிக்கொள்ளும். நம்மிடம் விளக்கு இல்லை, திண்ணை இருக்கிறது. வெயில் அவர் முதுகில் விழும்படி உட்காரவைத்து, முகத்தை அளந்து எடுங்கள். லென்ஸுக்குள் வெயில் நேராக விழாமல் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

சில்லறைக் குறிகள்

படம் முழுக்கப் பால் ஊற்றியது போல் இருந்தால் லென்ஸை டார்ச் அடித்துப் பாருங்கள். ஏற்காட்டு ஈரத்தில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்; சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவேண்டும். ஏசி காரிலிருந்து இறங்கிய உடனே எடுத்த படம் மட்டும் அப்படியென்றால் அது வெறும் வியர்வை, பத்து நிமிடம் பொறுங்கள். ஒரே இடத்தில் வெளிச்சக் கோடு திரும்பத் திரும்ப வந்தால் பின்கதவின் பஞ்சு உளுத்துவிட்டது. உலர்ந்த நெகட்டிவில் வெள்ளைப் புள்ளிகள் உப்புத் தண்ணீர் செய்த வேலை; கடைசிக் கழுவலுக்கு பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் போதும்.

குறி: எல்லாம் சரி, ஆனால் போஸ்

ஓரத்து எழுத்து கறுப்பு, முகத்தின் சாம்பல் சரி, கண்ணில் வெளிச்சம் இருக்கிறது. ஆனாலும் அடையாள அட்டைப் படம். இங்கேதான் நெகட்டிவை விட்டு எழுந்து ஆளிடம் வரவேண்டும்.

கேமராவைத் தூக்கினதும் நம் ஊரில் யாரும் நிமிர்ந்து, சட்டையை இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அது மரியாதை. தடுக்காதீர்கள், “சும்மா இயல்பா இருங்க ஐயா” என்று சொல்லவே சொல்லாதீர்கள். அதைக் கேட்டு இயல்பாக இருந்தவர் எவரும் இல்லை. அந்த நிமிர்ந்த படத்தை ஒழுங்காக ஒன்று எடுத்துவிடுங்கள், அவருக்குப் பிரிண்ட் கொடுக்க அதுதான் வேண்டும். ஷட்டர் சத்தம் கேட்டதும் அவர் மூச்சை விடுவார், தோள் இறங்கும், “போதுமா தம்பி?” என்று கேட்டுக்கொண்டே பார்வை தறிப்பக்கமோ பேத்திப்பக்கமோ திரும்பும். உங்களுக்கு வேண்டியது அங்கே இருக்கிறது, ஒரு நொடியோ இரண்டு நொடியோ. அதற்குள் லீவரைச் சுற்றி, மீட்டரை மறுபடி பார்த்து, ஃபோகஸ் தேடினால் போச்சு. எனவே முதல் படத்தை எடுத்த கையோடு, கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே லீவரைச் சுற்றிவிடுங்கள். ஃபோகஸ் அவர் கண்ணில் ஏற்கெனவே நிற்கிறது, வெளிச்சமும் மாறவில்லை. “போதுங்க ஐயா” என்று சொல்வதை மட்டும் அடுத்த ஷட்டருக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.